பச்சையம்மாவுக்குப் போடாத கையெழுத்து

1

போன வாரம் என் விசா நீட்டிப்பு வந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் நான் கள்ளக்குறிச்சியில் இருக்கலாம் என்று எழுத்தில் சொல்லிவிட்டார்கள். இங்கே வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தாள் வந்ததும் சுங்கைப்பட்டாணியில் இருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதுவேன். பெரும்பாலும் வெயிலைப் பற்றி, தோசையைப் பற்றி. இந்த முறை நடந்ததை அப்படியே எழுதப் போகிறேன். எனக்குப் பெருமை சேர்க்கிற விஷயம் இதில் அதிகம் இல்லை.

என் கணவர் ஏழுமலை உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். பீடோங் பக்கத்துத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்க வந்தவர். அவருடைய பெர்மிட் முடிந்தபோது கல்யாணம் முடிந்து ஆறு மாதம். நானும் கிளம்பி வந்துவிட்டேன். இப்போது கச்சிராயபாளையம் ரோட்டிலிருந்து பிரிகிற தெருவின் முனையில், கீழே அவருடைய மோட்டார் வைண்டிங் கடை, மேலே எங்கள் வீடு.

வந்த புதிதில் ஒருநாள், "மோட்டாரை எடுத்துக்கிட்டு கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றேன். நம் ஊரில் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள்தானே. கடையில் கிணற்று மோட்டாரைச் சரிசெய்ய வந்திருந்த ஒரு விவசாயி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்பா ஏழுமல, ஒன் பொண்டாட்டி அஞ்சு எச்பி மோட்டார தூக்கினு எந்தக் கடைக்குப் போறா?" என்று கேட்டார். அன்றிலிருந்து தெருவில் நான் "மலேசியாக்கா".

எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் தெரு முழுக்கத் தெரியும். நம் ஊரில் சந்தைக்கு நாம் போவோம். அங்காடிக்காரர் கூவ மாட்டார். இங்கே சந்தை வீட்டைத் தேடி வருகிறது. ஆறரைக்குக் கீரைக்காரம்மா. அவர் பின்னாலேயே பழைய இரும்பு, உடைந்த பிளாஸ்டிக்குக்கு வெங்காயம் கொடுக்கிறவர். அவர் கூவுவதில்லை, டி.வி.எஸ். வண்டியில் கட்டிய ஒலிபெருக்கியில் அவர் குரலே பதிவாகி ஓடும். அவர் வாயைத் திறக்காமல் வெற்றிலை போட்டுக்கொண்டே போவார். எட்டு மணிக்கு அஞ்சலையின் கூழ் வண்டி.

அஞ்சலைக்கும் எனக்கும் ஒரே வயது, நாற்பத்திரண்டு. கருணாபுரத்துக்காரி. சாராயத்தால் அந்தத் தெருக்களில் வரிசையாகச் சாவு விழுந்தபோது அவள் தம்பியும் போனான். நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. எட்டு நாள் வண்டி வரவில்லை. ஒன்பதாம் நாள் வந்து, மோர்மிளகாயும் வெங்காயமும் எடுத்து அடுக்கிவிட்டு, "இன்னாக்கா, கூழு வேணுமா?" என்று மேலே பார்த்துக் கேட்டாள். வேண்டும் என்றேன்.

2

செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் பச்சையம்மா வருவார். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் மேலே ஓர் ஊர். முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதரைக்கு எங்கள் தெருவில் இருப்பார். அஞ்சலையின் வண்டிக்குப் பக்கத்தில், டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே சாக்கை விரிப்பார். சீத்தாப்பழக் காலத்தில் சீத்தாப்பழம், பிறகு நெல்லிக்காய், மரவள்ளிக்கிழங்கு, கோடையில் பலா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். மலையில் யாரும் யாரையும் பெரிதாக மரியாதை வைத்துப் பேசுவதில்லை. என்னையும் முதல் நாளிலிருந்தே "நீ" என்றுதான் சொன்னார்.

மரவள்ளிக்கிழங்கை அவரிடம் முதன்முதலில் வாங்கும்போது, அதை அவித்துத் தேங்காய்த் துருவலும் சீனியும் போட்டுப் பசியாறுவோம் என்றேன்.

"பசியாறுவீங்களா? அப்படின்னா?"

"காலையில சாப்பிடறது."

"சாப்பிடறதுன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றார்.

இந்தச் சொல்லால் எனக்கு வீட்டிலும் பிரச்சினைதான். மகள் ஹரிணி ஆறாவது படிக்கிறாள். தன் தோழிகள் வந்திருக்கும்போது நான் "பசியாறிட்டீங்களா" என்று கேட்டுவிடக் கூடாது என்று முன்னாலேயே சொல்லி வைப்பாள். "எம்மா, நீ இன்னா கேக்கறன்னே அதுங்களுக்குப் புரியல மா. எங்கிட்ட கேக்குதுங்க." பாஸ்போர்ட்டில் என் ஊரின் பெயரைப் பார்த்து, "பட்டாணியா? சுண்டலா?" என்று சிரிக்கிறவள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் ஊர் இதுதான்.

என் ஊர் இது என்று சொல்ல எனக்கு ஒரு தாள் வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். முன்பு விழுப்புரம் போய் வருவேன். மாவட்டம் பிரிந்த பிறகு ஊரிலேயே முடிகிறது. ஒரேயடியாக ஆயுளுக்கும் செல்லுகிற அட்டைக்கு இரண்டு முறை எழுதிப் போட்டேன். பாஸ்போர்ட்டில் என் பெயர் "தேவகி ஏ/பி மாரிமுத்து". மாரிமுத்துவின் மகள் என்பதற்கு நம் ஊரில் போடுகிற அந்த ஏ/பி உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பதிவில் அது விட்டுப்போயிற்று. இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். "ஏ.பி.ன்னா இன்னாம்மா, ஆந்திராவா?" என்று கேட்டவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே உதவி செய்யத்தான் கேட்டார்.

நீட்டிப்புக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் விசாரிக்க வருவார். நான் இந்த முகவரியில்தான் இருக்கிறேனா, ஒழுங்காக இருக்கிறேனா என்று அக்கம்பக்கத்தில் கேட்பார். அக்கம்பக்கம் என்றால் யார்? எதிர்வீடு பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வயலுக்குப் போயிருப்பார். அதனால் வண்டியை நிறுத்திய இடத்திலேயே அஞ்சலையிடம் கேட்பார். முந்தைய வருஷம் அவர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அஞ்சலை தண்ணீர் பிடிக்கப் போயிருக்க, பச்சையம்மாதான் பதில் சொல்லியிருக்கிறார். "ஒன்னப் பத்தி ஒருத்தன் கேட்டான். இங்கதான் கெடக்கறா, நல்ல பொண்ணுன்னு சொன்னன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்குப் பழம் பொறுக்கப் போய்விட்டார். எதற்குக் கேட்டார்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

3

சென்ற வருஷம் சீத்தாப்பழக் காலத்தில் தெருவில் கணக்கெடுப்பு நடந்தது. சாக்கடையை மூடி நடைபாதை போடப் போகிறார்கள். அதற்குமுன் தெருவோர வியாபாரிகளை எண்ணி, படம் பிடித்து, ஆளுக்கொரு எண்ணும் அட்டையும் கொடுப்பார்கள். எண் உள்ளவர்களுக்குத்தான் இனி இடம். கையில் டேப்லெட்டுடன் ஓர் இளம்பெண்ணும் பையனும் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். ஒவ்வொருவரிடமும் பொறுமையாகக் கேட்டு எழுதினார்கள். ஆனால் அன்று புதன்கிழமை.

அஞ்சலை அந்தப் பெண்ணை விடவில்லை. "இதோ இந்த டிரான்ஸ்பார்மர் கீழ ஒரு அம்மா குந்தும்மா. மலையில இருந்து வரும். அதையும் எழுதிக்கோ."

"ஆளு இருந்தாதான் போட்டோ எடுக்க முடியும்கா." அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு பண்ணுங்க. இந்தத் தெருவுல குடியிருக்கறவங்க ரெண்டு பேரு, அவங்க இங்கதான் வியாபாரம் பண்றாங்கன்னு எழுதி, ஓட்டர் ஐடி நம்பர் போட்டுக் குடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தீங்கன்னா சேத்துடுவோம்."

முதல் கையெழுத்து எளிதில் கிடைத்தது. தையல்கடை மாடியில் குடியிருக்கிற டெய்லர் உடனே போட்டுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் மறுத்தார். சாக்குப் பையோடு யாராவது தன் கேட் பக்கம் உட்கார்ந்தாலே அவருக்கு ஆகாது. எதிர்வீடு பூட்டுதான். மிச்சம் நாங்கள்.

வியாழக்கிழமை காலை அஞ்சலை மாடியேறி வந்தாள். அவள் எங்கள் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் முறை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு, இடுப்பிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள்.

"மலேசியாக்கா, தெனமும் மேலருந்து பாக்கறது நீங்கதான். ஒரு கையெழுத்து போடுங்க."

"எனக்கு இங்க ஓட்டு இல்ல அஞ்சலை. நான் போட்டா செல்லாது."

"அப்ப அண்ணங்கிட்ட கேளுங்க. அவருக்கு ஓட்டு இருக்குதுல்ல."

"அவர் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போயிருக்கார். கேட்டுச் சொல்றேன்."

ஓட்டு இல்லை என்றது உண்மை. அவர் மூங்கில்துறைப்பட்டில் இருந்ததும் உண்மை. கரும்புத் தோட்டத்துக் கிணறுகளில் மோட்டார் இறக்க மூன்று நாள் வேலை. ஆனால் அவர் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் போனில் பேசுவார். அன்றும் பேசினார். வேலைக்கு நடுவில் வெள்ளிக்கிழமை காலை ஒரு நடை வந்து, கணக்கெடுப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக அவருக்கு நேரமும் இருந்தது. நான் கேட்கவில்லை. ஹரிணியின் கணக்குப் பரீட்சை, தண்ணீர் டேங்க், மழை என்று எல்லாம் பேசினோம். அந்தத் தாள் பிரிட்ஜின் மேல் இருந்தது. என் பார்வை அதன்மேலேதான் இருந்தது.

என் விண்ணப்பம் அப்போது மேசையில் இருந்தது. எங்கள் வீட்டுப் பெயர் எந்த மனுவிலும், எந்தச் சச்சரவிலும் வரக் கூடாது என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் யாரிடமாவது போய், "அந்த மலேசியாக்காரி தெருவுல ஆளுங்களச் சேத்துக்கிட்டு மனு போடறா" என்று சொன்னால்? விசாரிக்க வருகிறவர் அதை எழுதிக்கொண்டால்? இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போனேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அஞ்சலை கீழேயிருந்து கேட்டாள். "அவர் போன் எடுக்கவே இல்ல" என்றேன். "சரிக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

4

என் அப்பா மாரிமுத்துவை உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர், பிறப்புப் பத்திரம் இல்லாதவர். சாகும்வரை குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற சிவப்பு அடையாள அட்டை. அந்த அட்டையைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்தக் கவுண்டரில் நீட்டினாலும் அதை வாங்குகிறவர் முகம் மாறும். லாரி ஓட்டினார். சாலையில் போலீஸ் நிற்பதைப் பார்த்தால், தப்பு எதுவும் இல்லாவிட்டாலும், சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

தோட்டத்தை வீடுகட்ட விற்றபோது, குடியிருப்புக்குப் பதிலாக மாற்று வீடு கேட்டு எல்லோரும் மனு எழுதினார்கள். வீடு வீடாகத் தாளைக் கொண்டு வந்தார்கள். எனக்குப் பதினான்கு வயது. அப்பா தாளை வாங்கி முழுக்கப் படித்தார். படித்துவிட்டு, "எழுத்து நல்லாருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். வந்தவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அன்று நான் அவரோடு பேசவில்லை. கோழை என்று ஒரு சொல் எனக்கு வாய்வரை வந்தது; அதைச் சொல்லாமல் விட்டதுதான் நான் அவருக்குச் செய்த ஒரே மரியாதை.

என் பாஸ்போர்ட் முறையானது. அப்பாவுக்கு இருந்த கஷ்டத்தில் கால்வாசிகூட எனக்கு இல்லை. ஆனாலும் அவருடைய கை எனக்கு வந்திருக்கிறது. அதை அந்த வெள்ளிக்கிழமைதான் தெரிந்துகொண்டேன். தாளைப் படித்தேன், அஞ்சலை சொல்லச் சொல்ல டெய்லர் எழுதியது, எழுத்து நன்றாகத்தான் இருந்தது.

5

சனிக்கிழமை பச்சையம்மா இரண்டு சாக்குச் சீத்தாப்பழத்தோடு இறங்கினார். சுவரோரமாக வெள்ளைப் பெயின்டில் கட்டங்கள் போட்டு எண் எழுதியிருந்தார்கள். அஞ்சலைக்கு ஏழு. டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே கட்டம் இல்லை. அங்கே ஜல்லி கொட்டியிருந்தது. வேலையை மேற்பார்க்க வந்தவர் ஏதோ சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார் என்பது கை அசைவிலேயே தெரிந்தது. பச்சையம்மா சாக்கை இறக்காமல் நின்றார். பிறகு மேலே பார்த்தார்.

நான் உள்ளே போய்விட்டேன்.

பள்ளி விடுமுறை என்பதால் ஹரிணி கீழே அஞ்சலை வண்டியருகே நின்று கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பேசியது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"உங்கப்பா போனே எடுக்கலயாமே பாப்பா. ஏன், அங்க டவர் இல்லையா?"

"எடுத்தாரே! முந்தாநாளு பேசினாரு, நேத்தும் பேசினாரு. எனக்குக் கரும்பு எடுத்தாரேன்னு சொன்னாரு."

அஞ்சலை அடுத்த ஆளுக்குக் கூழ் ஊற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து நான் சொம்பை எடுத்துக்கொண்டு கீழே போனேன். வழக்கம்போல் ஊற்றினாள். மோர்மிளகாய் இரண்டு வைத்தாள். "தோ, எடுத்துக்கங்க மேடம்" என்றாள்.

மேடம். ஏழு வருஷமாக அக்கா என்று கூப்பிட்டவள். அவள் திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவளுடைய ஏழாம் எண் கட்டத்தில் வண்டியை ஒரு முனைக்குத் தள்ளி, மிச்ச இடத்தில் பச்சையம்மாவை உட்கார வைத்திருந்தாள். இரண்டு பேருக்கும் காலை மடக்கக்கூட இடமில்லை.

சாயங்காலம் ஏழுமலை வந்தார். கரும்புக் கட்டை ஹரிணியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கேட்டு முடித்துவிட்டு, "இதுக்கா பயந்த? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போட்டிருப்பேன் இல்ல" என்றார்.

"என் விசாவுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆனா ஆவட்டும்னு சொல்ல மாட்டேன். ஆனா அது நீயும் நானும் பேச வேண்டியது. நீயே ஏன் முடிவு பண்ண?"

ஹரிணி கரும்பைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "எம்மா, நீ எப்பப் பாத்தாலும் ஃபாரினர் ஃபாரினர்ங்கற. அந்த அம்மா மட்டும் இந்தத் தெருவா? அதுவும் பஸ் ஏறித்தான் வருது" என்றாள். அவள் அதை ஒரு பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. சக்கையைத் துப்ப வெளியே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு நான் கீழே காத்திருந்தேன். பச்சையம்மா சாக்கை இறக்கியதும், "அக்கா, அந்தக் கையெழுத்து விஷயம். அவர் போன் எடுக்கலைன்னு சொன்னது பொய். நான்தான் அவர்கிட்ட கேக்கலை. எனக்குப் பயமா இருந்துச்சு" என்றேன்.

அவர் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கின்மேல் வைத்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா பயம்?"

"நான் இந்த நாட்டுக்காரி இல்ல. வருஷா வருஷம் எழுதி வாங்கணும். ஏதாவது வம்புல பேரு வந்தா அனுப்பிடுவாங்களோன்னு."

அப்போதுதான் நிமிர்ந்தார். "நீ இந்த நாட்டுக்காரி இல்லையா?"

"மலேசியா. எல்லாரும் அப்படித்தானே கூப்பிடறாங்க."

"அது ஒன் பேருக்கு முன்னால வெச்சிருக்காங்கன்னு நெனச்சன். பேச்சு ஒரு மாதிரி இருக்கும்தான். மலைக்குக் கீழ, கீழ்நாட்டுல எல்லாரும் ஒவ்வொரு மாதிரி பேசுவீங்க, அதுல இது ஒண்ணுன்னு இருந்துட்டன்." கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "பயம் யாருக்கு இல்ல. ஆபீசுன்னா எனக்கும்தான். ஆனா முடியாதுன்னு சொல்லியிருக்கணும். அஞ்சல போன் பண்ணி, மலேசியாக்கா போட்டுடும், நீ கவலப்படாதன்னுச்சு. நானும் மல மேல நிம்மதியா இருந்துட்டன். முடியாதுன்னா வெள்ளிக்கிழமையே எறங்கி வந்து நானே எவன் கால்லயாவது வுழுந்திருப்பன்."

"இப்ப போகலாமா? நான் கூட வரேன்" என்றேன்.

அஞ்சலை நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "போங்க. பழத்த நான் பாத்துக்கறேன்" என்றாள். என்னை அக்கா என்றும் சொல்லவில்லை, மேடம் என்றும் சொல்லவில்லை.

மனுவை முந்தின நாளே எழுதி, ஏழுமலையிடமும் டெய்லரிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருந்தேன். தமிழ்ப்பள்ளியில் படித்தவள், அழகாக எழுதுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அலுவலகத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட எழுத்தர் ஒருவர் அதை வாங்கிப் படித்தார். இரண்டாவது வரியில் நின்றார்.

"'இந்தச் சடக்கில் பல வருடங்களாக'ன்னு எழுதியிருக்கீங்களே. சடக்குன்னா இன்னா மேடம்? சடங்கா? சடங்கு, காது குத்தெல்லாம் இங்க வராதே."

"ரோடு சார். எங்க ஊர்ல ரோட்டைச் சடக்குன்னு சொல்லுவோம்."

"எது உங்க ஊரு?"

சொன்னேன். சடக்கை அடித்துவிட்டுச் சாலை என்று எழுதிக் கொடுத்தேன். கணவரின் கையெழுத்தையும் ஓட்டர் எண்ணையும் பார்த்தவர், டெய்லருடையதும் இருப்பதால் இது போதும் என்றார். அதற்குக் கீழே மூன்றாவதாக என் பெயர் இருந்தது.

"இது தேவையில்ல மேடம். நீங்க வெளிநாட்டுக்காரங்க. உங்க சாட்சி கணக்குல வராது."

"வரலைன்னாலும் இருக்கட்டும் சார். அவங்க தினமும் இங்க உக்காந்திருக்கறதைப் பாக்கறவ நான்தான்."

"தினமுமா?" என்றார் பச்சையம்மா பக்கத்திலிருந்து. "செவ்வா, சனி மட்டும்தான. பொய் எழுதாத."

எழுத்தர் வாய்விட்டுச் சிரித்தார். மனுவின் ஓரத்தில் சிவப்பு மையில் "செவ்வாய், சனி" என்று எழுதி அடிக்கோடிட்டார். என் பாஸ்போர்ட் எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசி தேதி முடிந்துவிட்டது, அடுத்த கணக்கெடுப்பு வரும்போது பார்க்கலாம், எப்போது என்று தனக்குத் தெரியாது, உறுதி சொல்ல முடியாது என்றார். ரசீது கொடுத்தார். பச்சையம்மா அதை மூன்றாக மடித்து, தாலிக் கயிற்றில் கோத்திருந்த சிறிய துணிப்பைக்குள் திணித்தார். வெளியே வந்தபோது என் பாஸ்போர்ட் எண் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு தாளில் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைக்க முயன்றேன். உண்மையில் மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை.

6

மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை பச்சையம்மா அஞ்சலையின் அரைக் கட்டத்தில்தான் உட்கார்ந்தார். இரண்டு முறை எழுப்பிவிட்டார்கள். போய்விட்டு, அவர்கள் போனதும் வந்து உட்கார்ந்தார். ஒரு சனிக்கிழமை அந்த டேப்லெட் பெண் மறுபடியும் வந்தாள். பச்சையம்மா படத்துக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மூச்சை அடக்கி நின்றார். அட்டை வந்தது. இடம் பழைய இடம் இல்லை. ரோட்டைக் கடந்து, பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், நிழலே இல்லாத ஓரம். எங்கள் பால்கனியிலிருந்து தெரியாது. ஆனால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வாங்குவதால் மதியத்துக்குள் சாக்கு காலியாகிவிடுகிறது என்றார்.

என் நீட்டிப்பும் வந்துவிட்டது. அந்த மனுவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசாரிக்க வந்தவர் முகவரியைப் பார்த்துவிட்டு, அஞ்சலையிடம் ஒரு சொம்பு கூழ் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். நான் பயந்தது எதுவும் அங்கே இருக்கவே இல்லை. அப்பா பயந்தது அவருக்கு நிஜமாகவே இருந்திருக்கலாம். அவரிடம் கேட்க இப்போது முடியாது. அஞ்சலை என்னை மறுபடி "அக்கா" என்கிறாள். மலேசியாக்கா என்று இன்னும் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கொஞ்சம் நெல்லிக்காய் வாங்கலாம் என்று ரோட்டைக் கடந்து போனேன். பச்சையம்மா என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"நல்ல நேரத்துக்கு வந்த. குந்து. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி வந்துடறன், காலையிலருந்து அடக்கிக்கினு இருக்கறன்."

என் விசாவில் வேலையோ வியாபாரமோ செய்யக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. அது ஞாபகத்துக்கு வந்தது. அவர் அதற்குள் பாதி தூரம் போய்விட்டார். சாக்கின் மேல் உட்கார்ந்தேன். தரை சுட்டது. நிற்கும்போது தெரிகிற தெரு வேறு, உட்கார்ந்தால் தெரிகிற தெரு வேறு. எல்லாம் கால்களும் சக்கரங்களும்தான்.

சின்னசேலம் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் குனிந்து ஒரு காயை எடுத்துப் பார்த்தாள்.

"கிலோ எவ்ளோம்மா?"

சொன்னேன். என் பேச்சைக் கேட்டு முகத்தைப் பார்த்தாள்.

"எந்த ஊரு நீ?"

"மலேசியா."

"அதான பாத்தேன். கல்வராயன் மலை ஆளுங்க பேச்சே தனியா தெரியும்" என்றாள். "ஒரு கிலோ போடு. அடிபட்டதா போடாத."

பஸ் வந்துகொண்டிருந்தது. விளக்குவதற்கு நேரமில்லை. தராசில் அள்ளிப் போட்டேன். தட்டு எப்போது சமமாகிறது என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அவள் பையில் கொட்டியதும், காசை என் கையில் கொடுத்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

பச்சையம்மா திரும்பி வந்து, சாக்கையும் தராசையும் பார்த்தார். "எவ்ளோ போட்ட?"

"ஒரு கிலோ."

"ஒண்ணரைக்கு மேல போயிருக்குது. நீ ரெண்டு நாளு இங்க குந்தினா நான் மலைக்கு நடந்துதான் போவணும். எழுந்திரு" என்று தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, சாக்கில் உட்கார்ந்தார். பிறகு எனக்கு அரைக்கிலோ நிறுத்தார். தட்டு சமமானதும் கையை எடுத்துவிட்டு, நான் பார்க்கிறேனா என்று பார்த்தார்.